லிந்தா ஆற்றுக்கு ஒரு நாற்பதாண்டுப் பாலம்

எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் இடம் ஜொகூர் பாருவில் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் எனக்கு வேலை கிடைத்தது. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு. அந்த இடத்துக்கு நெடுநோக்குச் சாலைக் கமிட்டி என்று பெயர். நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்த நம் வட்டாரத்தில் இன்னும் நாற்பது வருஷத்துக்குள் எங்கெங்கே சாலையும் பாலமும் வர வேண்டும் என்று இப்போதே முடிவு செய்து வைப்பது அதன் கடமை. இந்த வருஷம் எங்கே பாலம் வேண்டும் என்பது அதன் கடமையல்ல. அதைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களை வாசலில் நிற்கும் பியூன் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிவிடுவான். பக்கத்துக் கட்டடம் தீயணைப்பு நிலையம்.

நான் அப்போதுதான் சிங்கப்பூரில் கல்லூரிப் படிப்பை முடித்து, கணக்குப் பாடத்தில் ஒரு பரிசும் தலைக்குப் பெரிதான ஒரு சோலாத் தொப்பியுமாகத் திரும்பியிருந்தேன். இரண்டும் ஒரே கடையில் வாங்கியவையோ என்று என் தகப்பனாருக்கு ஒரு சந்தேகம் கடைசிவரை இருந்தது. கமிட்டிக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. பரிசைப் பார்த்தார்கள், தொப்பியைப் பார்த்தார்கள், வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

தலைமைக் குமாஸ்தா கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி, காதிடுக்கில் பென்சில். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தார்.

"ஐசே, இஞ்சை 'இண்டைக்கு' எண்ட சொல்லை வாயிலை எடுக்கப்படாது. துரைக்கு வயித்தைப் பிரட்டும்."

துரை என்பது கமிட்டித் தலைவர் டங்கர்லி துரை. அவர் மேஜைமேல் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பெரிய வரைபடம். வரைபடத்தில் நாற்பது வருஷத்துச் சாலைகள் எல்லாம் சிவப்பு மையில் ஓடின. இப்போதிருக்கும் சாலைகள் அதில் இல்லை. அவை பார்வையை மறைக்கின்றன என்று துரை அழித்துவிட்டாராம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை லிந்தா ஆறு. செடெனாக் ரயில் ஸ்டேஷனுக்கும் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கும் இடையே ஓடுகிற சின்ன ஆறு அது. மலாயில் லிந்தா என்றால் அட்டை. பெயர் வைத்தவர் ஆற்றில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார். அதன்மேல் நாலு மரத்தடிகளைப் போட்டுப் பலகை அடித்த ஒரு பாலம். தடிகளில் இரண்டு உளுத்துப்போய், விரலால் அழுத்தினால் கேக்குப் போல உள்ளே போனது. நான் அழுத்திப் பார்த்தேன். கல்லூரிப் படிப்பு வீணாகவில்லை என்று தோன்றியது.

அந்தப் பாலத்தை நம்பிப் பிழைத்தவர் காளியப்பன். ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் பாதிப் பேரைக் கணக்குத் தீர்த்துக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். காளியப்பனிடம் சொந்தமாக ஒரு மாட்டுவண்டி இருந்ததால், ரப்பர் சீட்டை ஸ்டேஷனுக்கும் அரிசியைத் தோட்டத்துக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டு தங்கிவிட்டார். தோட்டத்துத் துரை தெளிவாகச் சொல்லியிருந்தார். வண்டி ஓடுகிறவரை, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறை. வண்டி நின்றால் கப்பல்.

"இந்த மழையோட அந்த ரெண்டு தடியும் போயிரும் தம்பி," என்றார் காளியப்பன். "ரெண்டே ரெண்டு தடி மாத்திக் குடுத்தாப் போதும். இல்லேன்னா எங்களை நாகப்பட்டணத்துல எறக்கி விட்ருவாங்க."

"நாகப்பட்டணத்துல எனக்கு யாரைத் தெரியும்?" என்றார் அவர் மனைவி பேச்சியம்மாள், மாட்டுக்குப் புண்ணாக்கு கரைத்தபடியே. "நான் பொறந்தது இந்தா இருக்கிற பாலோவுல. எங்காத்தாளப் பொதைச்சதும் பாலோவுல. கப்பல்னா நான் படத்துலகூடப் பாத்ததில்ல. தம்பி தொப்பியெல்லாம் போட்டிருக்கு, செய்யும். செய்வியா தம்பி?"

செய்வேன் என்று சொன்னேன். தொப்பி கண்ணை மறைத்திருந்ததால் அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

பாலத்துக்குக் கமிட்டியின் தயவு வேண்டுமானால் அதன்மேல் போக்குவரத்து வளர்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒருநாள் முழுக்க நின்று எண்ண வேண்டும். போன வருஷம் எனக்கு முன்பிருந்தவர் நல்ல மழை நாளில், ஸ்டேஷன் காப்பிக்கடையில் இருந்தபடியே எண்ணியிருக்கிறார். 'ஒரு வண்டி. சொந்தக்காரர் தெரியாத ஓர் எருமை.'

என்றைக்கு எண்ணலாம் என்று காளியப்பனைக் கேட்டேன். நான் கேட்டது, அவர் எந்த நாளில் அதிகமாகச் சுமை ஏற்றுவார் என்று. காளியப்பனோ கேள்வியை மரியாதையோடு வாங்கிக்கொண்டு நேரே மாரியம்மன் கோயில் பண்டாரத்திடம் போய்விட்டார். சர்க்கார் காரியம், நல்ல நாள் பார்க்காமல் செய்யலாமா? பண்டாரம் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்த மாதத்தில் தீமிதித் திருநாளைவிட நல்ல நாள் கிடையாது என்று குறித்துக் கொடுத்துவிட்டார்.

அன்று காலை நான் குடையும் பென்சிலுமாகப் போய் நின்றபோது, தோட்டமே குளித்து மஞ்சள் உடுத்திக்கொண்டு என்னை எதிர்பார்த்திருந்தது. என் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் வாழை கட்டியிருந்தார்கள். கழுத்தில் மாலை போட்டார்கள். அம்மன் காளியப்பனின் வண்டியிலேயே ஏறிப் புறப்பட்டு வந்தாள். மேளம், பாற்குடம், வேப்பிலை. ஆற்றைத் தாண்டுவதற்கு முன் அம்மனிடம் உத்தரவு கேட்பது அந்தத் தோட்டத்து வழக்கம். உத்தரவு வரும்வரை வண்டி பாலத்தில் ஏறுவதும் பின்வாங்குவதுமாக இருக்கும். அம்மனுக்கு அன்று நல்ல உற்சாகம். சுலபத்தில் உத்தரவு கொடுக்கவில்லை.

ஒவ்வொரு முறை வண்டி ஏறும்போதும் பேச்சியம்மாள் என்னைப் பார்ப்பார். "எழுதுனியா தம்பி?"

"எழுதினேன் அக்கா."

"பின்னால போறதையும் எழுது. அதுவும் மாடுதானே இழுக்குது."

சாமி முன்னால் வாதாட எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது முப்பத்தாறு வண்டி. உள்ளதைச் சொன்னால், என் மனத்துக்குள் ஒரு சின்னப் பெருமை ஓடியது. கமிட்டியை ஏமாற்றிவிட்டோம், ஏழைக்குப் பாலம் வாங்கிக் கொடுக்கப்போகிறோம், நமக்கு எப்படி இவ்வளவு மூளை என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். மாலையைக் கழற்ற மறந்ததால் எதிரில் இருந்தவர் எனக்குக் கல்யாணமா என்று கேட்டார்.

இங்கேதான் என் கணக்குப் பரிசு குறுக்கே வந்தது.

போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் முப்பத்தாறு. அதாவது போக்குவரத்து வருஷத்துக்கு முப்பத்தாறு மடங்கு பெருகுகிறது. கல்லூரியில் சொல்லிக் கொடுத்தபடி அதை அப்படியே நாற்பது வருஷத்துக்கு நீட்டினேன். மூன்றே வருஷத்தில் வண்டிகளின் எண்ணிக்கை ஜொகூரின் ஜனத்தொகையைத் தாண்டிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலுக்கு வந்து சேர்ந்தபோது காகிதத்தின் ஓரத்தில் இன்னொரு காகிதத்தை ஒட்ட வேண்டியிருந்தது.

கனகசபை ஐயா அந்த எண்ணை இடமிருந்து வலமாக நடந்துகொண்டே வாசித்தார்.

"தம்பி, இவ்வளவு மாட்டுக்கும் புல்லு?"

"அது விவசாய இலாகா ஐயா."

"ஓம், அதுவும் சரிதான்," என்று முத்திரை குத்தினார்.

கமிட்டி கூடியது. டங்கர்லி துரை எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துக் கடைசி இலக்கம்வரை பார்த்தார். பிறகு எழுந்து என் கையைக் குலுக்கினார். இந்த நாட்டில் இதுவரை யாருக்கும் இவ்வளவு பெரிய எண் கிடைத்ததில்லை என்றார். அன்றே லிந்தா ஆற்றுக்கு ஓர் இரும்புப் பாலம் தீர்மானமாயிற்று. இருபத்துநாலு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகும் அகலம். பாரத்தைக் குறைப்பதற்காக இரண்டு தட்டு. மேல் தட்டில் வண்டிகள், கீழ்த் தட்டில் மாடுகள். மாட்டையும் வண்டியையும் எப்படிச் சேர்ப்பது என்பதை எழுபத்து நாலில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று குறிப்பு எழுதப்பட்டது. சாணத்துக்குத் தனியாக ஓர் உபகமிட்டி. அதற்குக் காரியதரிசி நான்.

எனக்கு அப்போதுதான் காளியப்பன் கேட்ட இரண்டு தடி நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றேன்.

"இடையிலே... அதாவது இன்றைக்கு... இரண்டு தடி மட்டும் மாற்றினால்..."

கனகசபை ஐயா கண்ணை மூடிக்கொண்டார். துரை கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். தமிழில் தருகிறேன். இங்கிலீஷிலும் எனக்கு இவ்வளவுதான் விளங்கியது.

"இளைஞரே, நன்றாக யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு இரண்டு தடி கொடுத்தால் அந்த ஜனங்களுக்குத் திருப்தி வந்துவிடும். திருப்தி வந்துவிட்டால் அவர்களுக்கு நாற்பது வருஷத் திட்டம் எதற்கு? திட்டம் இல்லையென்றால் கமிட்டி எதற்கு? கமிட்டி இல்லையென்றால் அவர்களுடைய எதிர்காலத்தை யார் பார்ப்பது? இரண்டு தடிக்காக ஒரு சமூகத்தின் எதிர்காலத்தையே பலி கொடுக்கச் சொல்கிறீர்கள். நான் அதைச் செய்யமாட்டேன். எனக்கு இந்த ஜனங்கள்மேல் அவ்வளவு பிரியம்."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் தட்டும்போது சும்மா இருப்பது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. அந்த இடம் வருங்காலப் பாலத்துக்காக ஒதுக்கப்பட்டதால், பழைய பாலத்தில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டார்கள்.

செய்தியைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். நல்ல பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"அக்கா, இரும்புப் பாலம்! ரெண்டு தட்டு!"

"அலமாக்! எப்ப தம்பி?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலுல."

பேச்சியம்மாள் கையிலிருந்த வைக்கோலைக் கீழே வைத்தார். "காலைலயா, சாயங்காலமா? மாட்டுக்குத் தண்ணி காட்டி வைக்கணும்ல."

காளியப்பனோ மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அம்மன வண்டில ஏத்திக் கொண்டாந்து காமிச்சோம்," என்றார் பேச்சியம்மாள். "மால வேற போட்டோம். இதுக்கு அந்த எருமைக்கே போட்டிருக்கலாம் லா."

மார்கழி மழை தொடங்கிய பிறகு, கமிட்டி அந்த இடத்தில் ஒரு பலகை நாட்டப் புறப்பட்டது. 'இங்கே பாலம் வரும்' என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. டங்கர்லி துரை மோட்டாரில் வந்தார். பழைய பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்ப் பலகையை நாட்டிவிட்டு, தோட்டத்துத் துரையின் பங்களாவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். நானும் கனகசபை ஐயாவும் வராந்தாவில் நின்று அவர் சாப்பிடுவதைக் கவனித்துக்கொண்டோம். புட்டிங் வந்தபோது காளியப்பன் ஓடிவந்தார். உளுத்த தடிகள் இரண்டும் போய்விட்டன. நல்ல தடிகள் இரண்டும் கூடவே போய்விட்டன. புதிய பலகை மட்டும் அசையாமல் நிற்கிறது.

டங்கர்லி துரைக்கு அன்று மாலை ஜொகூர் பாரு கிளப்பில் ஒரு சொற்பொழிவு. தலைப்பு: 'பொறுமையின் பயன்கள்'.

"எனக்கு இப்போதே ஒரு பாலம் வேண்டும்!" என்று கத்தினார்.

கமிட்டியின் சரித்திரத்தில் முதல்முறையாக 'இப்போதே' என்ற சொல் ஒலித்தது. கனகசபை ஐயாவின் காதிலிருந்து பென்சில் விழுந்துவிட்டது. தோட்டத்துக் கொட்டகையில் கெம்பாஸ் மரத்தடிகள் அடுக்கிக் கிடந்தன. இரண்டு லயத்து ஆட்களும் வந்தார்கள். காளியப்பனின் மாடுகள் தடிகளை இழுத்தன. துரையே மழையில் நின்று, "வலது பக்கம்! இன்னும் வலது பக்கம்!" என்று கையை ஆட்டினார். நான் ஒரு தடியைத் தூக்கப் போய், அதன்கூடவே ஆற்றில் விழுந்தேன். தடியைத்தான் முதலில் எடுத்தார்கள். தேத்தண்ணி நேரத்துக்குள் ஆறு தடிகள்மேல் பலகை அடித்து, ஆனை போனாலும் அசையாத ஒரு பாலம் நின்றது.

மோட்டார் தாண்டியது. மறுகரையில் நின்று துரை இறங்கித் திரும்பிப் பார்த்தார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"இது திட்டத்தில் இல்லையே," என்றார். "நாளைக்கே பிரித்துவிடுங்கள். பிரித்தாயிற்று என்று அறிக்கை வர வேண்டும்." என்னைக் காட்டினார். காது மடலில் அட்டை தொங்கிக்கொண்டிருந்ததால் என்னை அடையாளம் காண்பது எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் நான் செடெனாக்கில் ரயிலைவிட்டு இறங்கினேன். மழை. காப்பிக்கடைக்காரர் ஆ கியோங் என் காலைப் பார்த்தார்.

"ஊஜான், மழை லா தம்பி. இன்னிக்கி அங்க போனா, லிந்தாவுக்கு நீதான் காப்பி."

நியாயமாகப் பட்டதால் உட்கார்ந்தேன். இரண்டாவது கோப்பையில் பேச்சியம்மாள் குடையில்லாமல் வந்து எதிரில் நின்றார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது.

"பாலத்தப் பிரிக்க வந்தியாமே?"

"உத்தரவு அக்கா."

"பிரி. வண்டிய நடுப்பாலத்துல நிறுத்தி மாட்ட அவுத்துட்டு வந்திருக்கேன். அவுக உள்ள உக்காந்திருக்காக. நானும் போயி உக்காந்துக்கறேன். எங்களையும் சேத்துப் பிரி. நாகப்பட்டணத்துக்குப் போறதுக்கு இந்த ஆத்தோட போயிருவோம், கிட்டக்கதானே. நீ வர்றியா, இன்னொரு காப்பி குடிச்சிட்டு வர்றியா?"

நான் ஏதோ வீரத்தால் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் பேச்சியம்மாள், ஒரு பக்கம் அட்டை, மேலே மழை, பையில் மத்தியான ரயிலுக்கு டிக்கெட்டு. நான் கோழை. அந்த ரயிலிலேயே திரும்பிவிட்டேன். 'தங்கள் உத்தரவுப்படி பாலம் பிரிக்கப்பட்டது' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். துரை அதில் கையெழுத்திட்டார். அந்த நிமிஷத்திலிருந்து லிந்தா ஆற்றின்மேல் பாலம் கிடையாது. இல்லாத பாலத்தைப் பிரிக்கச் சொல்லி யாராலும் இன்னோர் உத்தரவு போட முடியாது என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த அளவுக்குத்தான் நமக்கு மூளை.

மழைக்காலம் முடிந்தது. வருஷாந்தர எண்ணிக்கைக்கு மறுபடியும் என்னைத்தான் அனுப்பினார்கள். இம்முறை யாரையும் நாள் கேட்கவில்லை. சாதாரணமான ஒரு புதன்கிழமை. காளியப்பனின் வண்டியும், சீனத் தோட்டங்களிலிருந்து புதிதாக அன்னாசி ஏற்றிவரும் வண்டிகளுமாகப் பதினொன்று போயின. உள்ளதை உள்ளபடி எழுதினேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய முதல் உண்மை அது. அதுதான் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது.

டங்கர்லி துரை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். "போன வருஷம் பாலம் இருந்தது. பாலத்தைப் பிரித்துவிட்டோம். இந்த வருஷமும் வண்டி தாண்டுகிறது. அதுவும் பதினொன்று."

நான் வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன். சாண உபகமிட்டிக் காகிதங்களை யாரிடம் ஒப்படைப்பது என்றுகூட யோசித்தாயிற்று.

துரையின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

"கனவான்களே, இந்த ஜனங்கள் பாலம் இல்லாமலே ஆற்றைத் தாண்டப் பழகிவிட்டார்கள்! நாற்பது வருஷத்தில் நடக்க வேண்டியதை நாம் ஒரே வருஷத்தில் சாதித்துவிட்டோம். இரும்புப் பாலம் இனித் தேவையில்லை. இதே முறையை மற்ற ஆறுகளிலும் கடைப்பிடிக்கலாமா என்று ஆராய ஓர் உபகமிட்டி போடுகிறேன்."

மேஜையைத் தட்டினார்கள். இந்தத் தடவை நான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு கனகசபை ஐயா என் எண்ணிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். 'வண்டிகள் ஆற்றைக் கடக்கும் விதம்' என்ற இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, வண்டில் எல்லாம் என்னெண்டு ஆத்தைக் கடக்குது?"

"வழக்கம்போல, ஐயா."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அப்ப அதையே எழுதும்."